படகின் காலிப் பக்கம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே, ஒற்று எங்கே வரும் என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். டெல்லி மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு இந்தக் கை பேனாவைவிட ஸ்டீயரிங்கைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுதப்போவது ஒரு சாரைப் பற்றி. அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். கூட்டத்தில் யாராவது மைக்கில் தன் பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று சந்தேகம் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர்.

அவர் மத்திய சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி. வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, வெளியே இந்தி, கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். ரிட்டயர் ஆன பிறகு டெல்லி துவாரகாவில் இருந்த ஃப்ளாட்டில் அவரால் உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து மொசைக் தேய்ந்துபோச்சு என்று அவர் வீட்டம்மா சொல்வார். அப்படி நடந்துகொண்டிருந்தவர்தான் ஒரு குளிர்காலத்தில், துவாரகாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் கங்கைக்குக் கூட்டிப்போய் டால்பின் காட்ட ஆரம்பித்தார். அவர் கைடு. நான் டெம்போ டிராவலர் டிரைவர்.

வண்டி காஜியாபாத் தாண்டுவதற்குள் அவர் பேச்சு தொடங்கிவிடும்.

“திமிங்கலம் பாக்கணும்னா ஸ்ரீலங்காவுக்குப் போகணும். பாஸ்போர்ட் வேணும். இது திமிங்கலத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. கட்முக்தேஷ்வர் வரைக்கும் போனாப் போதும், ஆதார் கார்டே வேண்டாம்.”

எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு அவர் டால்பினைப் பற்றிச் சொல்வார். ஆற்று டால்பினுக்குக் கண் சரியாகத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கும், மூச்சு வாங்க ஒரு நொடி மேலே வரும், அந்த ஒரு நொடிதான் நமக்கு. “கறுப்பா ஒரு குடையை மடக்கித் தண்ணிக்குள்ள இழுத்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அதுக்குள்ள பாத்துரணும்.”

இதையெல்லாம் அவர் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து சொல்லமாட்டார். என் பக்கத்து சீட்டில் முழங்காலை மடக்கித் திரும்பி உட்கார்ந்து, ஆட்களைப் பார்த்தபடியே வருவார். யார் தூங்குகிறார்கள், யாருக்கு வாந்தி வரும் போல் இருக்கிறது, எந்த ஜன்னல் மூடவில்லை என்று அவர் கண் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனை தடவை போனாரே, அந்த ரோடு எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பனிமூட்டத்தில் முன்னால் ஒன்றும் தெரியாமல் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டும்போதும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

படித்துறைக்குப் போனதும் எல்லாருக்கும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை அவரே மாட்டிவிடுவார். “யாரும் எந்திரிக்கக் கூடாது. டால்பின் வந்தாலும் சரி, உங்க மாமியார் வந்தாலும் சரி, உக்காந்த இடத்துல உக்காந்திருக்கணும்.” எல்லாரும் தலையாட்டுவார்கள்.

நான் படகில் ஏறமாட்டேன். வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கே குரங்கு அதிகம். அவர் ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார். “வாரியளா தம்பி? ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு.” நான் சிரித்துவிட்டு வண்டிக்குப் போய்விடுவேன். எல்லாரும் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில் போய் உட்கார எனக்குக் கூச்சம்.

கரையில் இருந்து பார்த்தால் படகு நன்றாகத் தெரியும். படகுக்காரர் மோட்டாரை அணைத்துவிட்டு மூங்கிலை ஊன்றி மெதுவாகத் தள்ளுவார். கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாக இருக்கும். திடீரென்று ஒரு சத்தம். “அதோ, அதோ!” அத்தனை பேரும் எழுந்து ஒரே பக்கம் சாய்வார்கள். படகும் அவர்களோடு சாயும். அந்த நேரத்தில் எதிர்ப் பக்கம் ஒரே ஒரு உருவம் தாவிப் போய் உட்காரும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே தள்ளி, ஆட்களின் முதுகைப் பார்த்து, “உக்காருங்க! பைட்டோ பாய், பைட்டோ!” என்று கத்தும். அதுதான் சார்.

டால்பின் இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம். கத்திக்கொண்டே இருப்பதால் அது மூச்சு விடுகிற சத்தம்கூட அவர் காதில் விழுந்திருக்காது.

கரைக்கு வந்ததும் ஒவ்வொருவராகக் கேட்பார். “பாத்தியளா? நீங்க பாத்தியளா?” யாராவது ஒருவர், ஒரு குழந்தையாக இருந்தாலும், பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். மறுபடி படகில் ஏறச் சொல்வார். பசிக்கிறது என்று மற்றவர்கள் முனகினாலும் விடமாட்டார். எல்லாரும் பார்த்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் என்னிடம் வருவார்.

“ட்ரிப் ஆச்சு தம்பி. எல்லாரும் பாத்தாச்சு. வண்டியை எடுங்க.”

ஒரு தடவை பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் வண்டிக்குள் கேட்டார். “சார், நீங்க பார்த்தீங்களா? எல்லாரையும் கேக்குறீங்க, உங்களை யாரும் கேக்கலையே?”

சார் வாட்டர் பாட்டில் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே, “எனக்கென்ன, நான் அடுத்த வாரமும் வருவேம்லா” என்றார்.

“அப்ப இதுவரைக்கும் பார்த்ததே இல்லையா?”

சார் மூடியை இன்னும் ஒரு தடவை திருகினார். வண்டி முழுக்க ஒரே சிரிப்பு. பின் சீட்டில் இருந்த டெல்லிப் பிள்ளைகள் தமிழ் பாதி புரியாமல், “க்யா ஹுவா, க்யா ஹுவா?” என்று கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் சிரித்தார்கள். “அங்கிள் நே டால்பின் தேகா ஹீ நஹீ!” அங்கிள் டால்பினைப் பார்த்ததே இல்லையாம். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீடு வந்து சேரும் வரைக்கும் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்ததை நான்தான் பார்த்தேன்.

அவர் வீட்டம்மாவிடம் இதைச் சொன்னபோது அந்த அம்மா ஆச்சரியப்படவே இல்லை. “இது என்ன தம்பி பெரிசு? பொண்ணுக்குத் தாலி கட்டுதப்போ இவுக எங்க இருந்தாக தெரியுமா? ஜெனரேட்டர் பக்கத்துல! எல்லாரும் மேடைப் பக்கம் வந்துட்டாங்களாம், பின்னாடி ஆளே இல்லையாம். வீடியோவுலதான் தாலி கட்டினதப் பாத்தாக. அதுலயும் பாதியில எந்திரிச்சுப் போயாச்சு, கேஸை மூடினோமான்னு பாக்க.”

ஏன் சார் இப்படி என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். தாபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கொஞ்சம் யோசித்தார். “யாராவது ஒருத்தர் இந்தப் பக்கம் இருக்கணும்லா தம்பி” என்றார். உடனே கிளாஸ்களை எடுத்து உள்ளே வைக்கப் போய்விட்டார். தாபா பையன் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டான்.

பிறகு அவருக்குக் கண் கெட ஆரம்பித்தது. சர்க்கரை வியாதி. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்று டாக்டர் சொன்னார். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார்கள். படியில் ஆட்களை ஏற்றிவிடும்போது அவர் கை காற்றில் தேடுவதை நான் பார்த்தேன். அந்த மாதத்தோடு ஞாயிற்றுக்கிழமை ட்ரிப் நின்றது.

ஒரு நாள் அவர் வீட்டம்மா எனக்குப் போன் செய்தார். “தம்பி, ஒரு உதவி. கூட்டம் இல்லாம இவுகளை மட்டும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. இருக்கிற கண்ணும் போறதுக்குள்ள ஒரு தடவை பாக்கட்டும். என் முழங்காலுக்குப் படகு ஆகாது. நீங்க கூட ஏறணும். அந்தப் பக்கம் ஓடாம பிடிச்சு உக்கார வைக்கணும்.”

ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. பழக்கத்தில் திரும்பி உட்கார்ந்துவிட்டார். பின்னால் அத்தனை சீட்டும் காலி. “என்ன தம்பி இது, சவ வண்டி மாதிரி” என்றார். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்த்து, “அவங்கள ஏத்திக்கிடலாமா?” என்றார். ஹாபூரில் ஒரு தடவை, அதைத் தாண்டி ஒரு தடவை, “திரும்பிரலாமா?” என்று கேட்டார். எனக்கும் திரும்பிவிடலாம் போலத்தான் இருந்தது. தண்ணீர் என்றால் எனக்குப் பயம் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

படகில் மூன்று பேர். படகுக்காரர் பின்னால். நான் சாருக்கு எதிரில். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “சார், இன்னிக்கு நீங்கதான் பாசஞ்சர், நகரக் கூடாது” என்றேன். அவ்வளவு பேசியதே எனக்கு அதிகம். அவர் உட்காரவில்லை என்றும் சொல்ல முடியாது, உட்கார்ந்தார் என்றும் சொல்ல முடியாது. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். என் ஜாக்கெட் வாரை இழுத்துச் சரிசெய்தார். “நீங்க கொஞ்சம் நடுவுல வாங்க” என்றார். “இப்படி உக்காந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு தம்பி” என்றார். வெயில் ஏறியது. தண்ணீரில் பூ மாலையும் பிளாஸ்டிக் தட்டும் மிதந்துபோயின. டால்பின் வருகிற மாதிரித் தெரியவில்லை.

வந்தபோது மிகவும் கிட்டத்தில் வந்தது. வலது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரம் என்று அவர் பிறகு சொன்னார். “எந்திரிக்கக் கூடாது” என்று ஆயிரம் பேரிடம் சொன்ன மனிதர் எழுந்து நின்றுவிட்டார். படகு அப்படியே வலது பக்கம் சாய்ந்தது. “பைட்டியே சாஹப்!” என்று படகுக்காரர் அலறினார். அவ்வளவுதான் தெரியும். நான் இடது பக்கம் பாய்ந்து பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. நின்றுகொண்டிருக்கும் லாரி ஏர் பிரேக்கை விடுமே, அதில் பாதிச் சத்தம். நான் திரும்பிப் பார்த்தபோது தண்ணீரில் வட்டம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

சார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். “பாத்தியளா?” என்றார்.

“இல்லைங்க சார். நான் இந்தப் பக்கம் இருந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சந்தோஷம் பாதியில் நின்றுபோன முகம்.

“ரோஸ் தம்பி. மேல சாம்பல். திரும்பிச்சு பாருங்க, அப்ப அடியில ரோஸ். மூக்குக்குக் கீழ இருந்து வயிறு வரைக்கும். நான் இத்தனை வருசமா கறுப்புன்னுல்லா சொல்லிட்டு இருந்தேன்!” படகுக்காரர் பக்கம் திரும்பினார். “பாய், குலாபி தா நா?” ரோஸ்தானே என்று கேட்டார்.

“ஹாங் சாஹப், குலாபி.”

“காலா தோ நஹீ தா?” கறுப்பு இல்லையே என்றார்.

“ஹாங் சாஹப், காலா பீ தா.” கறுப்பும்தான் என்று அதற்கும் தலையாட்டினார்.

சாயந்திரம் வரைக்கும் படகிலேயே இருந்தோம். என்னை வலது பக்கம் உட்கார வைத்துவிட்டு அவர் இடது பக்கம் போய்விட்டார். நான் பிடித்து இழுத்தும் வரவில்லை. “நீங்க பாருங்க, நீங்க பாருங்க.” அது மறுபடி வரவில்லை.

திரும்பும் வழியில் அவர் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். முன்பு ட்ரிப் வந்தவர்கள். போனில் இருக்கும் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாததால் நான் தாபாவில் வண்டியை நிறுத்தி நம்பரைத் தேடிக் கொடுத்தேன். “நான் கறுப்புன்னு சொன்னேன்லா, அது தப்பு. அடியில ரோஸ். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” ஒருவர், “எது சார் ரோஸ்?” என்று கேட்டார். இன்னொருவர் மீட்டிங்கில் இருந்தார். பேங்க்காரர் மட்டும் நல்ல மாதிரிப் பேசினார். “அப்ப நீங்களும் பார்த்துட்டீங்க! வாழ்த்துகள். கலரெல்லாம் நான் கவனிக்கலை சார், போட்டோ எடுத்துட்டு இருந்தேன். போட்டோல தண்ணிதான் இருக்கு.”

வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். “கண்ணுல ரத்தம் கசியுதுன்னு டாக்டர் சொன்னாரே, அதனால அப்படித் தெரிஞ்சிருக்குமோ?”

சார் சோபாவில் உட்கார்ந்தார். அவர் கால் ஆடாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அந்தக் கோடையில் இருவரும் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார்கள். அங்கே போன கொஞ்ச நாளில் இன்னொரு கண்ணும் போய்விட்டது. ஆனால் போன் வரும். நலம் விசாரிப்பார், பனி எப்படி, வண்டி எப்படி என்பார், பிறகு குரல் மாறும். “போனியளா தம்பி? பாத்தியளா?”

மகள் ஏதோ வீடியோ தேடி எடுத்து, “அப்பா, இதில் பிங்க்தான்” என்று சொல்லியிருக்கிறாள். இன்னொரு வீடியோவில் பழுப்பாம். சார் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. “அது வேற ஆளு பாத்த டால்பின். நம்ம படகுல இருந்து பாக்கணும். நீங்க அன்னிக்கு அந்த ட்ரிப்புல வந்தவரு. நீங்க பாக்காம ட்ரிப் முடியாது.”

“போறேன் சார், வேலை ஜாஸ்தி” என்பேன். வேலை இருந்தது உண்மை. இப்போது ஏர்போர்ட் டாக்சி ஓட்டுகிறேன். ஆனால் காரணம் அது இல்லை. போய்ப் பார்த்து, அது கறுப்பாக இருந்தால் நான் என்ன சொல்வது? அந்த மனிதர் கண்ணால் பார்த்தது என்று ஒன்றே ஒன்றுதான் கையில் வைத்திருக்கிறார். அதுவும் அவர் கண்ணின் ரத்தம்தான் என்று நான் எப்படிச் சொல்வேன்? மாற்றிச் சொல்லவும் எனக்கு வராது. போனில் என் குரல் கொஞ்சம் தடுமாறினாலே அவர் கண்டுபிடித்துவிடுவார். ஏர்போர்ட்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது இதே யோசனை. சிக்னலில் நிற்கும்போது இதே யோசனை. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தால்தான் வண்டியை எடுப்பேன். இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது.

இந்தத் தடவை போன் வந்தபோது அவர் கேட்கவில்லை. பனி எப்படி என்றார், வண்டி எப்படி என்றார், வைத்துவிட்டார். அன்றைக்கே ஞாயிற்றுக்கிழமைச் சவாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறு ஞாயிறு விடிந்ததும் டாக்சியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். அதே படித்துறை. ஸ்நானத்துக்கு வந்த ஒரு ஹரியானா குடும்பத்தோடு ஒரே படகில் ஏறினேன். அவர்கள் டால்பினைப் பார்க்க வரவில்லை. பூரி சாப்பிட்டுக்கொண்டு, ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் ஓரமாக ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அரே தேக், தேக்!” என்று ஒரு பெண் கத்தினாள். எல்லாரும் எழுந்து அவள் பக்கம் ஓடினார்கள். நானும் பார்க்கத்தானே வந்தேன், நானும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் படகு சாய்ந்ததும் என் உடம்பு என்னைக் கேட்காமல் எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்தேன்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து அது போய்விட்டது போலிருக்கிறது. படகுக்கு அடியில் வந்து என் பக்கம் எழுந்தது. முதலில் நீள மூக்கு. பிறகு முதுகு, நனைந்த சிமெண்ட் நிறம். பாதி வந்து ஒருக்களித்துத் திரும்பியது. வெயில் நேராக விழுந்தது. அந்த மூச்சு என் முகத்தில் பட்டது. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் எல்லாரும் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு, “கஹாங் கயா, கஹாங் கயா?” என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

கரைக்கு வந்து போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பர் போனது. அந்த அம்மா எடுத்து அவர் காதில் வைத்தார்.

“சார், நான் கட்முக்தேஷ்வரில் இருக்கேன்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“பாத்தேன் சார்.”

“என்ன கலர்?” அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டரைக் கேட்கிற குரல்.

“ரோஸ் சார். மேல சாம்பல், அடியில ரோஸ். மூக்குக்குக் கீழ இருந்து வயிறு வரைக்கும்.”

பார்த்ததைத்தான் சொன்னேன், குரல் தடுமாறவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, “எந்தப் பக்கம் உக்காந்திருந்திய?” என்றார்.

“காலிப் பக்கம் சார்.”

“அங்கயா வந்துச்சு?” என்றார். திரும்பவும் ஒரு தடவை, தனக்குத்தானே மாதிரி, “அங்கயா வந்துச்சு” என்றார். பிறகு அந்தப் பழைய குரல், ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கி அடுக்குகிற நேரத்துக் குரல் வந்தது.

“அப்ப ட்ரிப் ஆச்சு தம்பி. எல்லாரும் பாத்தாச்சு. வண்டியை எடுங்க.”

வண்டியை எடுத்து நேராக வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இன்று பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.